புதுப்பிப்பு: ஹௌடனோசோனி ஆட்சிமுறைக்கு நான் தேடிய ஆதாரங்கள்

வட அமெரிக்காவின் பூர்வகுடி இனங்கள் பல சேர்ந்த ஹௌடனோசோனி (இரோகுவாய்) கூட்டமைப்பின் மரபான ஆட்சிமுறையைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லாருக்கும் நன்றி.

ஹொரேஷியோ ஹேல் 1883-லும் ஆர்தர் பார்க்கர் 1916-லும் இதைப் பற்றி வெளியிட்ட நூல்கள் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. பார்க்கர் இந்தக் கூட்டமைப்பின் ஓர் இனமான செனெகா வம்சாவளியினர். ஆனாலும் கூட்டமைப்பின் அடிப்படைச் சட்டமான அமைதிப் பெருஞ்சட்டத்தை எண்ணிட்ட பிரிவுகளாக அவர் அடுக்கியிருப்பது நம் அரசியல் சாசனம் போல இருக்கிறது. அதுவோ நாள்கணக்கில் வாய்மொழியாகச் சொல்லப்படும் மரபு. அவரை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள்.

என்னை உலுக்கியது குலத்தாய்மார் (குலங்களை வழிநடத்தும் பெண்கள்) பற்றிய பகுதிதான். 50 தலைவர் பதவிகளுக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். தலைவர் வழிதவறினால் எச்சரிப்பதும், திருந்தாவிட்டால் பதவியைப் பறிப்பதும் அவர்களே! பொதுவான வரலாற்று நூல்களில் இது ஒற்றை வரியோடு போய்விடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்து வாம்பம்: சிப்பி மணிகளால் நெய்த பட்டைகள், ஒப்பந்தங்களின் நினைவுச் சாட்சிகள். நியூயார்க் மாநில அருங்காட்சியகம் 1989-ல் 12 பட்டைகளை, கூட்டமைப்பின் இன்னோர் இனமான ஒனண்டாகா மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. அவற்றின் பொருளை அவர்கள் வாயால் கேட்பதே முறை. ஆகவே இப்போது ஒனண்டாகா நேஷன் தானே வெளியிட்டிருக்கும் விளக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.