கொள்ளுத்தாத்தாவின் டப்பாவில் ஒரு வெள்ளைப் பொத்தான்

உம்கெனிக் கரைக்காரி:
எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனில் உம்கெனி ஆற்றங்கரையில் சலவைத் தொழில் செய்தார். துவைக்கும்போது உதிர்ந்த பொத்தான்களை ஒரு புகையிலை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் எலும்பும் சிப்பியும்தான். ஒன்று மட்டும் உலோகம். சக்கரத்தோடு ஒரு பீரங்கி, அதன் தலைக்கு மேல் கிரீடம். எழுத்து எதுவும் இல்லை. பட்டாளத்துப் பொத்தான் பித்தளையாகத்தானே இருக்கும்? புளி போட்டுத் தேய்த்தேன், வெள்ளையாகவே இருக்கிறது. யாருடையது இது?

மாரிட்ஸ்பர்க் மாமா:
உள்ளூர்ப் படையாக இருக்கலாம், அம்மா. டர்பனில் 1862-லேயே தொண்டர் பீரங்கிப் படை தொடங்கிவிட்டார்கள். பிறகு அதுதான் நேட்டால் பீல்டு ஆர்ட்டிலரி ஆனது.

பழைய இரும்பு:
நிறத்தைப் பாருங்கள், அக்கா. சம்பளப் பட்டாளத்துப் பீரங்கிக்காரனுக்கு மஞ்சள் பொத்தான், பிரிட்டனின் தொண்டர் பீரங்கிக்காரனுக்கு வெள்ளை. 1859-இல் பிரெஞ்சுக்காரன் படையெடுப்பான் என்ற பயத்தில் கிளம்பிய கூட்டம் அது. பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் வேலை, சாயங்காலம் பயிற்சி. 1908-இல் பிராந்தியப் படை என்று பெயர் மாற்றும் வரை இப்படித்தான் ஓடியது.

அவர்களில் சிலர் நம் நாட்டுக்கே வந்தார்கள். போயர்களோடு பிரிட்டிஷார் நடத்திய போரில், லேடிஸ்மித் முற்றுகையில் லாம்ப்டன் என்ற கப்பல் தளபதி கொண்டுவந்த கடற்படைப் பீரங்கிகள் ஊரைக் காப்பாற்றிய செய்தியை இங்கிலாந்தில் மியூ சீமாட்டி படித்தார். அந்த நாட்டு நியூகாசலின் எல்ஸ்விக் தொழிற்சாலையில் 12 பவுண்டு குண்டு எறியும் பீரங்கி ஆறு, தன் காசிலேயே செய்யச் சொன்னார். போர்த்துறை வாங்க மறுத்தது. அம்மாள் விடவில்லை, இங்கே பிரிட்டிஷ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் பிரபுவுக்கே நேராக அனுப்பிவிட்டார். 1900-இல் அவற்றோடு வந்தவர்கள் நார்தம்பர்லாந்துத் தொண்டர்கள். பலர் அதே எல்ஸ்விக் தொழிலாளர்கள். தான் வேலை செய்யும் பட்டறையின் பீரங்கியை இழுத்துக்கொண்டு வேறொருவன் நாட்டில் சண்டைக்கு வருவது, நினைத்துப் பாருங்கள்! (தன் பெயரை மியூ என்று மாற்றிக்கொண்டால் சொத்து லாம்ப்டனுக்கே என்று சீமாட்டி உயில் எழுதினார். அவரும் மாற்றிக்கொண்டார்.)

உங்கள் பொத்தான் அவர்களுடையதென்று சொல்லமாட்டேன். எழுத்தில்லாத பொத்தான் ஊர்ப்பெயர் சொல்லாது. கிரீடத்தின் உச்சி நடுவில் அமுங்கியிருக்கிறதா, குவிந்திருக்கிறதா?

கொலென்சோ பேரன்:
வெள்ளைக்காரன் பொத்தானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோவில் ஆற்றுக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்திய 12 பிரிட்டிஷ் பீரங்கிகளில் 10 போயர்களிடம் பறிபோயின. காயம்பட்டவர்களை டோலியில் சுமந்தவர்கள் நம் ஆட்கள். காந்தி திரட்டிய படையில் ஏறக்குறைய 1,100 பேர், அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு எந்த உலோகத்தில் பொத்தான் தைத்தார்கள்?

பழைய இரும்பு:
கோபம் நியாயம்தான், தம்பி. ஆனால் டப்பா நம் ஆளுடையது.

உம்கெனிக் கரைக்காரி:
கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அமுங்கித்தான் இருக்கிறது. பின்பக்க வளையத்தில் கருநீல நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

பழைய இரும்பு:
அப்படியானால் விக்டோரியா காலத்துக் கிரீடம், 1901-க்கு முந்தையது. கருநீலம் பீரங்கிப்படைச் சட்டையின் நிறம். அந்த நூலைப் படம் எடுத்துப் போடுங்கள்.

உம்கெனிக் கரைக்காரி:
நீங்கள் கேட்பதற்குள் மறுபடி புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். நூல் தண்ணீரோடு போய்விட்டது.