கண்ணில் எடுத்த சதை திரும்பவும் வளர்கிறது, மறுபடி ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி:
வயது 34. கட்டட வேலை மேற்பார்வை. பகல் முழுக்க வெயிலும் சிமெண்ட் தூசியும்தான். வலது கண்ணில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியதால், போன வருடம் வெட்டி எடுத்தார்கள். ஒட்டு எதுவும் வைக்கவில்லை. நாலே மாதத்தில் அதே இடத்தில், முன்பைவிடத் தடிப்பாக வந்துவிட்டது. இப்போது வேறொரு டாக்டர், மறுபடி எடுத்துவிட்டு ஒட்டு வைக்கலாம் என்கிறார். அதுவும் வளர்ந்துவிட்டால்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, எனக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆனது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்து 3 வருடம் ஆகிறது, இதுவரை வரவில்லை.

சதையை எடுத்துவிட்டு வெள்ளைவிழியைத் திறந்தபடி விட்டால் நிறையப் பேருக்குத் திரும்ப வளரும். அந்த இடத்தை மூடத்தான் ஒட்டு. மேல் இமைக்குள் வெயில் படாமல் மறைந்திருக்கும் பகுதியிலிருந்து, நம்முடைய மெல்லிய ஜவ்வையே உரித்து வைப்பார்கள். எனக்குத் தையல் இல்லை, ஃபைப்ரின் என்ற மருத்துவப் பசைதான். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. இழுக்கிற உணர்வு மட்டும் இருந்தது. மறுநாள் கட்டைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தபோது ஒட்டு ரத்தம் கட்டி உப்பியிருந்தது. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்து அழுதேன். இரண்டு வாரத்தில் அது வடிந்து, வெள்ளையோடு சேர்ந்துவிட்டது. அதுவரை தூக்கத்தில்கூடக் கை படாமல் பார்த்துக்கொண்டேன், தேய்த்தால் ஒட்டு நகர்ந்துவிடும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் தடவை சிவப்பு குறைந்ததும் நான் நிறுத்திவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மருந்து போடும் நாட்களில் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
நான் கண் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அக்கா சொன்னது சரி. திரும்ப வளர்ந்த சதையில் தழும்பு உள்ளே ஆழமாகப் பிடித்திருக்கும், அதனால் இரண்டாவது ஆபரேஷனுக்கு நேரம் கூடும். சிலருக்கு மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்துக் கழுவுவார்கள். வளர்ச்சியை அடக்கும், ஆனால் அளவு மீறினால் வெள்ளைவிழி கரையும். ஆகவே டாக்டர் யோசித்துத்தான் தருவார். வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பின்னாளில் அதற்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் மேல்பக்க ஜவ்வு வேண்டும், அதனால் ஒட்டைக் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுக்கலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், வலப்பக்கம் பார்க்கும்போது எதுவும் இரண்டாகத் தெரிகிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆமாம் சிஸ்டர். பைக்கில் வலப்பக்கம் கடைக்கண்ணால் பார்த்தால் வண்டிகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. தூக்கம் போதவில்லை என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவே இல்லை.

பதில் 2:
கட்டாயம் சொல்லுங்கள். தழும்பு கண்ணை மூக்குப் பக்கமாக இழுத்துப் பிடித்தால் அப்படி ஆகும். ஆபரேஷனில் அதையும் விடுவிக்க வேண்டியிருக்கும். அதுவரை பைக்கை எடுக்காதீர்கள்.