ரத்தம் கொடுக்கிறவங்களுக்கு என்ன பலன்? கேம்ப் நோட்டீஸில் எதைப் போடலாம்?

ஆற்றூர்வாசி:

எங்க வாசகசாலை சார்பில் ரத்ததான கேம்ப் வைக்கிறோம். நோட்டீஸுக்கு மாதிரின்னு வாட்ஸ்அப்பில் ஒண்ணு வந்திருக்கு. "ரத்தம் கொடுத்தால் மாரடைப்பு வராது, ஒரு தடவைக்கு 650 கலோரி குறையும், பழைய ரத்தம் போய் புது ரத்தம் ஊறும், டோனர் கார்டு காட்டினால் குடும்பத்துக்கு எப்போதும் ரத்தம் இலவசம்" இப்படி. இதில் எது உண்மை? தப்பான ஆசை காட்டி ஆளைக் கூப்பிட எங்களுக்கு மனசில்லை. வரப்போறதில் பாதிப்பேர் ரப்பர் பால் வெட்டுறவங்க. டெம்போ டிரைவர்கள், காலேஜ் பிள்ளைகள், பெண்களும் உண்டு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிளட்பேங்க்_டெக்:

அந்த நோட்டீஸை அப்படியே அச்சடிக்காதீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

ரத்தம் கொடுக்கிறவங்களிடம் இதயநோய் குறைவா இருக்குன்னு சில ஆய்வுகள் சொன்னது உண்டு. ஆனா ரத்தம் கொடுக்கணும்னாலே பி.பி., எடை, ஹீமோகுளோபின் எல்லாம் ஒழுங்கா இருக்கணும். நோயுள்ளவங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிட்டு, உள்ளே வந்தவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு சொன்னா அது ரத்தம் கொடுத்ததால் வந்த பலன் ஆகாது. கலோரி கதையும் அதே மாதிரிதான். எடுத்த ரத்தத்தை உடம்பு பல வாரங்கள் எடுத்து மெல்ல ஈடுகட்டும், அதில் எடை குறையாது. புது ரத்தம் ஊறுறதுக்கு தானம் தேவையே இல்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், எலும்பு மஜ்ஜை தினமும் புதுசு செய்துகிட்டேதான் இருக்கு.

கார்டு விஷயம் ரொம்ப முக்கியம். அந்த நேரத்தில் அந்த குரூப் கையிருப்பில் இருக்கா, அந்த பிளட் பேங்கின் நடைமுறை என்ன என்பதைப் பொறுத்துத்தான் ரத்தம் கிடைக்கும். வாக்குறுதி கொடுத்துட்டு, அவசரத்துக்கு வந்து நிக்கிற குடும்பம் ஏமாந்தால் அவங்க வீட்டிலிருந்து அப்புறம் யாரும் கொடுக்க வரமாட்டாங்க. ரத்தத்துக்குப் பணமோ அதுக்கு ஈடான பரிசோ கொடுக்கவே கூடாது. பணத்துக்கு ரத்தம் கொடுக்கிற முறை உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை. சர்ட்டிபிகேட், பேட்ஜ், ஜூஸ் போதும். மத்திய அரசு ஊழியர்களுக்கு வேலைநாளில் கொடுத்தால் அன்னைக்கு சிறப்பு விடுப்பு உண்டு, வருஷத்துக்கு 4 தடவை வரை. அதைத் தாராளமா போடலாம்.

அப்போ நிஜமா என்ன கிடைக்கும்? எடை, பி.பி., நாடி, ஹீமோகுளோபின் பார்ப்பாங்க, ரத்த குரூப் உறுதியாகும். எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் சோதிப்பாங்க. ஏதாவது இருந்தால் ரகசியமா கூப்பிட்டுச் சொல்லுவாங்க. ஆனா "இலவச எச்.ஐ.வி. டெஸ்ட்"னு நோட்டீஸில் போட்டுடாதீங்க. தொற்று உடம்பில் நுழைஞ்ச முதல் சில நாள் எந்த டெஸ்டிலும் தெரியாது, அந்த ரத்தம் தப்பி நோயாளிக்குப் போகும். சந்தேகம் இருக்கிறவங்க நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போகட்டும், அங்கே பரிசோதனை இலவசம்.

எல்லாத்துக்கும் மேலே, கொடுத்தது எங்கே போகுதுங்கிற தெளிவு. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிக்காத பெண், ரோட்டில் அடிபட்டவர், மூணு நாலு வாரத்துக்கு ஒருக்க ரத்தம் ஏத்தியே ஆகவேண்டிய தலசீமியா (பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியா உருவாகாத நோய்) குழந்தை. இதைச் சொல்லிக் கூப்பிட்டால் வர்றவங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்க. "ஒரு யூனிட், மூணு உயிர்"னு போடுறதா இருந்தால் "மூணு பேர் வரை"ன்னு திருத்துங்க. சிவப்பணு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு), பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி)ன்னு பிரிக்கிற வசதி உள்ள இடத்தில்தான் அது நடக்கும். பிளேட்லெட்டை சில மணி நேரத்துக்குள்ளே பிரிச்சாகணும்.

தக்கலை_நர்ஸ்:

மக்கா, பால் வெட்டுறவங்க விஷயத்தை நல்லா கவனிக்கணும். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு நெத்தியில் லைட்டைக் கட்டிட்டு இறங்கினவங்க. பால் எடுத்து ஷீட் அடிச்சு முடிச்சிட்டு, கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் குடிச்சிட்டு பத்து மணிக்கு கேம்புக்கு வருவாங்க. தூக்கம் கிடையாது, வயித்தில் ஒண்ணும் கிடையாது. ரத்தம் கொடுத்து எழுந்ததும் தலைசுத்தி விழுறதுக்கு இதைவிட வேற காரணமே வேண்டாம். இலை உதிர்ந்து வெட்டு நிக்கிற பருவத்தில் கேம்ப் வையுங்க. முடியாதுன்னா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வரச் சொல்லுங்க. சாப்பிட்டு 4 மணி நேரத்துக்குள்ளே கொடுக்கணும். விரதம், நோன்பு இருக்கிறவங்க அன்னைக்கு வேண்டாம்.

ஊசி போடுறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி, சுமார் அரை லிட்டர். ரத்தம் போகும்போது தொடையையும் வயித்தையும் இறுக்கி இறுக்கி விடச் சொன்னால் பி.பி. சட்டுன்னு இறங்காது. முகம் வெளுத்து மேலுதட்டில் வியர்வை பூத்தால் அதுதான் முதல் அடையாளம். உடனே ஊசியை எடுத்துட்டு, தலையணையை உருவிட்டு, காலைத் தூக்கி வைக்கணும். கூட்டமா சுத்தி நிக்காதீங்க, ஒருத்தர் விழுறதைப் பார்த்து அடுத்த கட்டிலில் இருக்கிறவரும் விழுவார்.

சில பேருக்கு அரைமணி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அதனால கொடுத்து முடிஞ்சதும் பைக்கை எடுக்க விடாதீங்க, 15 நிமிஷமாவது உக்கார வையுங்க. தொலைதூர டிரைவர், கடலுக்குப் போறவர் எல்லாருக்கும் அடுத்த வேலைக்கு 24 மணி நேரமாவது இடைவெளி வேணும். பனை, தென்னை ஏறுறவங்களுக்கும் அதே கணக்குதான். ஊசி போட்ட கையில் அன்னைக்குப் பால் வாளி தூக்கக் கூடாது. முழங்கையை மடக்கி வைக்காம, நீட்டிப் பிடிச்சு அழுத்தினால்தான் ரத்தம் உள்ளே கட்டாது. நீலம் பாய்ந்தால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ரெண்டு வாரத்தில் மறைஞ்சிடும். விரல் வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி வலி போனால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கு, பொறுத்துக்காம அப்பவே சொல்லணும்.

ஆற்றூர்வாசி:

ரொம்ப நன்றி அக்கா. பெண்கள் நிறையப்பேர் வந்துட்டு "ரத்தம் இல்லை"ன்னு திருப்பி அனுப்பினாங்கன்னு வருத்தப்பட்டுப் போறாங்க. அதுக்கு என்ன செய்யலாம்? யார் யாரெல்லாம் வரவேண்டாம்னும் போடணுமா?

சாளையும்_மரச்சீனியும்:

ஊட்டச்சத்துப் பக்கம் நான் சொல்றேன். கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 (100 மில்லி ரத்தத்தில் இத்தனை கிராம்) வேணும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. ஆக 12.2 உள்ள பெண் நோயாளி இல்லை, ஆனாலும் கொடுக்க முடியாது. இதை அவங்ககிட்ட அப்படியே விளக்கிச் சொல்லணும், "உனக்கு ரத்தமே இல்லை"ன்னு யாரும் சொல்லக் கூடாது. சில கேம்பில் நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாங்க. சொட்டு கீழே இறங்கினால் 12.5 உண்டு, மிதந்தால் இல்லை. அதில் எண் தெரியாது. மிதந்தவங்களை மெஷினில் பார்த்து எண்ணை எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்க. உண்மையிலேயே 9, 10 இருக்கிறவங்களுக்கு அன்னைக்கு கேம்பில் கிடைச்ச பெரிய பலனே அந்தச் சீட்டுதான். அதைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும்.

கொடுத்தவங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 350 மில்லியில் சுமார் 160 மில்லிகிராம் இரும்பு வெளியே போகுது. சாப்பாட்டிலிருந்து உடம்பு இழுத்துக்கிறது நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிடும், இரும்புக்கு மாதக்கணக்காகும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வச்சிருக்கிறது இதனாலதான். நம்ம மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) இரும்பு குறைவு, கூட சாளையோ (மத்தி மீன்) நெத்திலியோ இருந்தால் நல்லது. முருங்கைக்கீரையோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நல்லா ஏறும். சாப்பிட்ட கையோடு சாயா குடிச்சால் அது இரும்பை ஏறவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

பிளட்பேங்க்_டெக்:

யார் வரவேண்டாம்னு கட்டாயம் போடுங்க, பஸ் பிடிச்சு வந்துட்டுத் திரும்பிப் போறவங்க அடுத்த தடவை வரமாட்டாங்க. வயசு 18 முதல் 65, முதல் தடவைன்னா 60-க்குள்ளே. எடை 45 கிலோவுக்கு மேலே, 55-க்கு மேலே இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். பச்சை குத்தினால் 12 மாசம், டைபாய்டு 12 மாசம், டெங்கு, சிக்குன்குனியா 6 மாசம், பல் பிடுங்கினால் 6 மாசம் காத்திருக்கணும். பிரசவம் ஆகி 12 மாசமும், பால் கொடுக்கிற காலம் முழுக்கவும் வேண்டாம். சுகருக்கு இன்சுலின் போடுறவங்க கொடுக்க முடியாது. மாத்திரை மட்டும்னா, கடைசி 4 வாரத்தில் அளவு மாறலேன்னா டாக்டர் பார்த்து அனுமதிப்பார்.

ஒரே நாளில் 200 யூனிட் எடுக்கணும்னு நிக்காதீங்க. சிவப்பணு பையின் ஆயுள் 35 அல்லது 42 நாள், பிளேட்லெட்டுக்கு 5 நாள்தான். ஜூன் 14 (உலக ரத்ததான தினம்), அக்டோபர் 1 (தேசிய தன்னார்வ ரத்ததான தினம்) ரெண்டு நாளும் எல்லா ஊரிலும் கேம்ப் நடக்கும், ஏப்ரல் மே மாசம் காலேஜ் பூட்டினதும் பை காலியா கிடக்கும். 50 பேரோடு சின்னதா மே மாசம் ஒண்ணு வையுங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பிளட் பேங்கில் தேதியை முன்கூட்டியே பேசிட்டு அப்புறம் நோட்டீஸை அச்சுக்குக் கொடுங்க. லைசென்ஸ் உள்ள பிளட் பேங்க் இல்லாம கேம்ப் நடத்த முடியாது.

காலேஜ்_ரோடு:

ஒரு சந்தேகம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் (மண்டலப் புற்றுநோய் மையம்) இருக்கிற நம்ம ஊர் நோயாளிகளுக்கு பிளேட்லெட் கேட்டு அடிக்கடி மெசேஜ் வருது. கேம்பில் ரத்தம் கொடுத்தவர் உடனே அங்கே போய் அதைக் கொடுக்கலாமா?

பிளட்பேங்க்_டெக்:

உடனே முடியாது தம்பி, முழு ரத்தம் கொடுத்தவர் இடைவெளி விடணும். அதனால கேம்ப் அன்னைக்கே தனியா ஒரு லிஸ்ட் போடுங்க: எடை நல்லா இருக்கிற, கை நரம்பு தடிமனா தெரியிற பத்துப் பேர். இவங்ககிட்ட கேம்பில் எடுக்க வேண்டாம், பிளேட்லெட்டுக்குன்னு வச்சுக்கோங்க. மெஷின் பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மிச்ச ரத்தத்தைத் திருப்பி ஏத்திடும், ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் ஆகும். ஒருத்தர்கிட்ட எடுக்கிறது அஞ்சாறு பேர் ரத்தத்தில் பிரிக்கிற பிளேட்லெட்டுக்குச் சமம். நடுவில் உதடு மரத்தால் ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கிற சிட்ரேட்தான் காரணம், கால்சியம் மாத்திரை கொடுப்பாங்க. முந்தின 3 நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேலே வேணும். போறதுக்கு முன்னாடி போனில் குரூப்பும் நேரமும் உறுதி பண்ணிக்கோங்க.