கலைச்சொல் வேண்டும்: பழைய ஸ்கூபா ரெகுலேட்டரில் வரும் ‘கிரீப்’

ந. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஸ்கூபா ரெகுலேட்டர்களை, அதாவது நீருக்கடியில் மூச்சுவிடச் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவிகளை, பழுதுபார்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1950, 60களின் இரட்டைக் குழாய் மாதிரிகளும், அதே காலத்து ஒற்றைக் குழாய் மாதிரிகளும் அதில் வருகின்றன. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. பழுது கண்டறியும் அத்தியாயத்தில் இரண்டு சொற்களில் நிற்கிறேன்: ஃப்ரீ ஃப்ளோ, கிரீப்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) அளவுக்கு அடைத்த காற்றை, சிலிண்டர் பக்கம் இருக்கும் முதல் நிலை அழுத்தம் குறைத்து அனுப்புகிறது. வெளியே இருக்கும் நீரழுத்தத்தைவிடச் சுமார் 9, 10 பார் கூடுதலாக அது இருக்கும். பழைய மாதிரிகள் சிலவற்றில் இன்னும் குறைவு. இதை இடையழுத்தம் என்று எழுதியிருக்கிறேன். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் வாய்ப்பக்கமுள்ள இரண்டாம் நிலை திறந்து காற்று தருகிறது. இழுக்காமலே வாய்க்கவ்வி வழியாகக் காற்று கொட்டினால் அது ஃப்ரீ ஃப்ளோ. முதல் நிலை வால்வு மூடிய பிறகும் சரியாக அடைக்காமல், இடையழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது கிரீப்.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவது முற்றினால் முதலாவதாக வெளியே தெரியும். கையில் கிடைத்த பழைய வரைவு ஒன்றில் இரண்டுக்குமே ‘கசிவு’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவர் வாய்ப்பக்கத்தைத் திறந்து நெம்புகோலை வளைத்துக்கொண்டிருப்பார். கோளாறோ சிலிண்டர் பக்கத்தில் இருக்கும். அதனால் இரண்டுக்கும் தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

இப்போதைக்கு ‘தன்னோட்டம்’, ‘ஊர்வு’ என்று வைத்திருக்கிறேன். உங்கள் கருத்து?

வே. எழுதியது:

அம்மா ந., தன்னோட்டம் நல்ல சொல். அதை இனித் தொட வேண்டாம்.

ஊர்வு அதைவிட நல்ல சொல். ஊர்தல் என்றால் புழுவும் எறும்பும் போவது மட்டும் என்று இன்று சுருங்கிவிட்டது. ஊர்தி, ஊர்வன என்பவை எல்லோருக்கும் தெரியும். நிலவைச் சுற்றி விழும் வட்டத்துக்கு ஊர்கோள் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, பசப்பு ‘மேனிமேல் ஊரும்’ என்கிறார் வள்ளுவர். தலைவன் பிரிந்த பிறகு நிறம் ஒரேயடியாக மாறவில்லை. தெரியாமல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, கண்ணாடி பார்க்கும்போது உடம்பு முழுக்க வந்துவிட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் கோளாறும் அப்படித்தானே வருகிறது? இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பொருளுக்கு ஆயத்தமாக நிற்கும் வினை இது. உலோகம் நீண்டகாலச் சுமையில் மெல்ல நீளுவதையும் கிரீப் என்கிறார்கள். ஊர்வு அங்கும் பொருந்தும். ஒரே சொல், இரு துறைக்கு உதவும்.

கு. எழுதியது:

ஐயா, பொருள் பொருந்துகிறது. ஆனால் பட்டறை மேசையில் நான் பார்ப்பது வேறு. அதைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

முதல் நிலையில் அழுத்தமானியை மாட்டிவிட்டு சிலிண்டரை மெதுவாகத் திறப்போம். வாய்க்கவ்வியில் சில முறை மூச்சை இழுப்போம். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கும், விட்டதும் திரும்ப ஏறி ஓர் இடத்தில் ‘டக்’கென்று நிற்கும். நல்ல கருவி என்றால் அங்கேயே நிற்கும். கோளாறு உள்ளதில் 9.5 பாரில் நின்ற மாதிரி இருக்கும். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் 10. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் 10.5. வாய்க்கவ்வியைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் அதுவரை ஒன்றும் வராது. திடீரென்று ஒரு குமிழி, அப்புறம் இன்னொன்று, கடைசியில் வரிசையாக. இரண்டாம் நிலை அந்த அழுத்தத்துக்கு மேல் தாங்க முடியாமல் திறந்துகொள்கிறது. நெம்புகோலில் ஒரு குறையும் இல்லை.

முதல் நிலையைப் பிரித்தால் வால்வு உட்காரும் இருக்கையின் முகத்தில், துளையின் விளிம்பு பதிந்து பதிந்து வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் கரையில் ஒரு பொடிக் கீறல், அல்லது பித்தளையின் பச்சைக் களிம்புத் துகள் ஒன்று. அந்த வழியாகக் காற்று ஊறுகிறது. கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல, மூடிய அறைக்குள் அழுத்தம் ஊறிக்கொண்டே இருக்கிறது.

பசப்பு மேனியில் பரவுகிறது, சரி. இங்கே எதுவும் பரவவில்லை. ஓர் இடத்தில் நின்று நிரம்புகிறது. என் ஓட்டு ‘ஊறல்’ என்பதற்கு.

தா. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரெகுலேட்டர் என்றே எழுதுகிறீர்கள், வால்வு என்றே எழுதுகிறீர்கள், சிலிண்டரும் அப்படியே. கிரீப் மட்டும் ஏன் மாற வேண்டும்? நீருக்கடியில் மூச்சு விட உதவும் கருவி இது. பழுதுபார்ப்பவர் நாளைக்கு வேறு மொழிக் கையேட்டையும் உதிரிப்பாகப் பட்டியலையும் பார்க்கத்தான் போகிறார். அங்கே தெரிந்த சொல் இங்கேயும் இருந்தால் குழப்பம் வராது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சொல்லாக்கச் சோதனை வேண்டாம்.

செ. எழுதியது:

தா. சொல்வதில் பாதி சரி. ஆமாம், வரிசை தப்பாக இருக்கிறது. தலைச்சொல்லைத் திருத்தாமல் வாலைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ரெகுலேட்டர் – சீராக்கி. மின்னழுத்தச் சீராக்கி என்று ஏற்கெனவே புழங்குகிறது. வால்வு – ஓரதர். அதர் என்றால் வழி. ஒரே திசையில் விடும் வழி ஓரதர். டயாஃப்ரம் – இடைத்திரை. உதரவிதானம் உடம்புக்குள் இருக்கட்டும், அதிலே உதரமும் விதானமும் தமிழ் இல்லை. இவை மூன்றையும் ஏற்றுக்கொண்டால் நான் ஊர்வு, ஊறல் எதற்கும் சம்மதம்.

இன்னொன்று. ஈழத்துப் பாடநூல்களில் அழுத்தம் இல்லை, அமுக்கம். அவர்களும் படிக்கும்படி எழுத வேண்டாமா?

கு. எழுதியது:

செ. அண்ணா, ஓரதரில் எனக்கு ஒரு தடை. ஒரு பழைய ரெகுலேட்டரில் இருக்கும் வால்வுகளில் ‘ஒரு திசை மட்டும்’ என்பதே வேலையாக இருப்பது முக்கியமாக மூச்சு வெளியேறும் வால்வுக்குத்தான். இரட்டைக் குழாய் மாதிரியில் அது வாத்தின் அலகு போன்ற ரப்பர் இதழ். வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. அதற்கு ஓரதர் மிகப் பொருத்தம், ந. அக்கா அங்கே போடலாம். முதல் நிலையில் இருப்பது அழுத்தத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் கதவு. அதன் பெருமை திசையில் இல்லை, எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதில். அதை ஓரதர் என்றால் படிப்பவர் தப்பான குணத்தைச் சோதிப்பார்.

இடைத்திரைக்கு நான் முழு ஆதரவு. தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையில் அது திரையாகத்தான் நிற்கிறது.

வே. எழுதியது:

தம்பி கு., முள் நகர்வதை நீங்கள் எழுதியது கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் ஊறலை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்கள்:

ஊறு என்றால் தீங்கு. ஊறு என்றால் தொடுவுணர்வு. ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்ற வரிசையில் அது மூன்றாவது. ஊறல் என்றால் இன்று செய்தித்தாள் படிப்பவருக்குச் சாராய ஊறல்தான் முதலில் நினைவுக்கு வரும். இத்தனை சுமையோடு ஒரு கலைச்சொல் நடக்காது.

அடுத்து, ரகர றகரம். பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. பட்டறையில் ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொண்டால் ‘ஊரல்’ என்று எழுதுவார். பின் அது ஊர்தலா, ஊறுதலா என்று யாருக்குத் தெரியும்?

இ. எழுதியது:

ஐயா, மணற்கேணியை மறந்துவிட்டீர்களே! தொட்ட அளவுக்கு ஊறும் கேணி, கற்ற அளவுக்கு ஊறும் அறிவு. பசப்புக்கு இருக்கும் அதே வயது ஊறுதலுக்கும் இருக்கிறது, அதே நூலில்.

நான் வேறொன்று முன்வைக்கிறேன். ‘ஊறழுத்தம்’. ஊறுகாய் போல வினைத்தொகை: ஊறிய அழுத்தம், ஊறுகின்ற அழுத்தம், ஊறும் அழுத்தம். முக்காலத்துக்கும் பொருந்துகிறது. இந்தக் கோளாறும் நேற்று இருந்தது, இன்று இருக்கிறது, கவனிக்காவிட்டால் நாளையும் இருக்கும். ஒரே சொல்லாக நிற்பதால் தீங்கு, சாராயம் என்ற குழப்பமும் போய்விடும்.

செ. எழுதியது:

பெயர்ச்சொல்லாக எடுத்தால் ஊற்றழுத்தம் என்றல்லவா வர வேண்டும்? ஆறு + நீர் ஆற்றுநீர் ஆகிறது. நெடிலை அடுத்து வரும் குற்றியலுகரத்தில் றகரம் இரட்டிக்கும்.

இ. எழுதியது:

வேற்றுமையில் இரட்டிக்கும் செ. அண்ணா. வினைத்தொகையில் இரட்டிக்காது. அதனால்தான் ஊறுகாய், ஊற்றுக்காய் இல்லை. ஊற்றழுத்தம் என்று எழுதினால் எதையோ ஊற்றும்போது வரும் அழுத்தம் என்று படிப்பார்கள்.

கு. எழுதியது:

ஊறழுத்தம் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கோளாறின் பெயர் அழுத்தத்தின் பெயராகிவிட்டது. அழுத்தமானி காட்டும் எண் ஒன்று, அது நகர்வது இன்னொன்று. ‘இடையழுத்தம் 9.5 பார், ஊறழுத்தம் உள்ளது’ என்று எழுதினால் இரண்டு அழுத்தங்கள் இருப்பதாகத் தோன்றும்.

பழுதுபார்ப்பவனுக்குக் கோளாறின் பெயரை வினையாக்கிச் சொல்ல முடிய வேண்டும். ‘ஊறுது’, ‘ஊறி நின்னுடுச்சு’, ‘ஊறிக்கிட்டே இருக்கு’. இந்த மூன்றும் மூன்று நிலைமை. புதிய இருக்கை போட்டவுடன் முள் சிறிது ஏறி நின்றுவிடும். சில முறை காற்றை ஓட்டியதும் இருக்கை படிந்துவிடும், பிறகு ஏறாது. அது பழுது இல்லை. நிற்காமல் ஏறுவதுதான் பழுது. கிரீப் என்று வைத்தால் இந்த வித்தியாசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது, தா. அக்கா? ‘கிரீப் ஆகுது’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

தா. எழுதியது:

அந்த வாதம் வலுவானது. ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறேன்: முதல் தடவை வரும் இடத்தில் ‘வேறு கையேடுகளில் இதை கிரீப் என்பார்கள்’ என்று ஒரு முழு வாக்கியம் இருக்க வேண்டும். சொல்லடைவிலும் இருக்க வேண்டும்.

அப்புறம் தன்னோட்டம் பற்றி ஒரு கேள்வி. அது எப்போதுமே கோளாறா?

கு. எழுதியது:

இல்லை, நல்ல வேளை கேட்டீர்கள். இரட்டைக் குழாய் மாதிரியில் ரெகுலேட்டர் முதுகுப்பக்கம் இருக்கிறது. நீருக்கடியில் வாய்க்கவ்வியை அதற்கு மேலே தூக்கிப் பிடித்தால் காற்று தானே பாயும். இடைத்திரை இருக்கும் ஆழத்தில் நீரழுத்தம் கூடுதல், வாய்க்கவ்வி இருக்கும் இடத்தில் குறைவு. வித்தியாசம் வால்வைத் திறந்துவிடுகிறது. கருவி சரியாக இருக்கிறது என்பதற்கே அது அடையாளம். வாய்க்கவ்வி கழன்று போனால் கையைத் தலைக்கு மேல் நீட்டித் தேடச் சொல்வதும் இதனால்தான், அது மேலே மிதந்து குமிழிவிட்டுக்கொண்டிருக்கும்.

1943-இல் பிரான்சின் மார்ன் ஆற்றில், பிரெஞ்சு கடலாய்வாளர் கூஸ்தோ முதல் கருவியைச் சோதித்தபோது இந்த உயர வித்தியாசம்தான் தொல்லை கொடுத்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பாய்ந்தது, தலைகீழானால் மூச்சு இழுக்க முடியவில்லை. மூச்சு வெளியேறும் வால்வு இடைத்திரையிலிருந்து தள்ளி இருந்ததே காரணம். வடிவமைத்த பொறியாளர் கன்யான் அதை இடைத்திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார், சிக்கல் தீர்ந்தது. இன்றும் அந்தப் பழைய மாதிரிகளில் வாத்தலகு இதழ் ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருப்பது அதனால்தான். புதிதாகப் பழுதுபார்க்கிறவர்கள் அதை இடம் மாற்றிவிடக் கூடாது. ந. அக்கா, இதைக் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஊறல் இருந்தும் தன்னோட்டம் வராத மாதிரிகள் இருக்கின்றன. சில பழைய ஒற்றைக் குழாய் மாதிரிகளில் இரண்டாம் நிலை வால்வு காற்றழுத்தத்தாலேயே மூடும்படி அமைந்திருக்கும். இடையழுத்தம் ஏற ஏற அது இன்னும் இறுக மூடும். குமிழி வராது, மூச்சு இழுப்பது மட்டும் கனமாகும். மிகையழுத்தத்தை வெளியே விடும் வடிகால் வால்வு வேலை செய்யாவிட்டால் குழாயே வெடிக்கலாம். எனவே ‘தன்னோட்டம் இல்லை, ஆகவே ஊறல் இல்லை’ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அழுத்தமானி மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரே நிலையில் முழு அழுத்தத்தையும் குறைக்கும் மாதிரிகளில் இடையழுத்தமே கிடையாது, அங்கே இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

ந. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்ப வேண்டும், எனவே இப்படி வைக்கிறேன்: ஃப்ரீ ஃப்ளோ – தன்னோட்டம். கிரீப் – இடையழுத்த ஊறல். வாக்கியத்தில் வினையாக ‘இடையழுத்தம் ஊறுகிறது’. டயாஃப்ரம் – இடைத்திரை. மூச்சு வெளியேறும் வால்வுக்கு மட்டும் ஓரதர். ரெகுலேட்டர், மற்ற வால்வுகள் அப்படியே. அழுத்தம்தான், ‘அமுக்கம்’ சொல்லடைவில் இணைச்சொல்லாக வரும்.

இடையழுத்த என்ற அடை முன்னால் நிற்பதால் தீங்கு, சாராயம் இரண்டும் குறுக்கே வராது என்று நினைக்கிறேன் வே. ஐயா. பட்டியலில் அந்த வரி இப்படி:

‘வாய்க்கவ்வியில் தன்னோட்டம் இருந்தால் இரண்டாம் நிலையைத் திறக்கும் முன் அழுத்தமானியை மாட்டி இடையழுத்தம் ஊறுகிறதா என்று பார்க்கவும். முள் நிற்காமல் ஏறினால் முதல் நிலையின் இருக்கையையும் துளை விளிம்பையும் சோதிக்கவும்.’

செ. எழுதியது:

சீராக்கியை விட்டுவிட்டது எனக்கு ஏற்பில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

வே. எழுதியது:

வரி தெளிவாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்வு என்ற என் முன்மொழிவைத் திரும்பப் பெறவில்லை. உலோகம் நீளும் கிரீப்புக்கு அடுத்த கையேட்டில் சொல் தேட வேண்டி வரும். அப்போது ஊறல் அங்கே பொருந்தாது. ஊறுவதற்கு அங்கே அறையும் இல்லை, காற்றும் இல்லை. சொல்லடைவில் ‘கிரீப்’ என்ற பதிவின் கீழ் இரண்டாவது வரியாக ஊர்வும் இருக்கட்டும், உலோகவியல் என்று குறிப்பிட்டு.