சிவப்பு எல்இடி மாஸ்க்: எத்தனை நாளில் பலன் தெரியும்?

வெயில்மணி:
சுருக்கம் போக முகத்தில் சிவப்பு ஒளி காட்டும் மாஸ்க் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. தினமும் இருபது நிமிடம், சில நாள் ஆசையில் நாற்பது. கண்ணோரச் சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது, கன்னம் மட்டும் சாயங்காலம் வரை காந்துகிறது. ஏமாந்துவிட்டேனா?

பழையகண்ணாடி:
மூன்று வாரம் எந்த மூலைக்கு? அந்த ஒளி தோலுக்குள் போய் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, அப்புறம் தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாகி, அது வெளியே தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். நாற்பது நிமிடமெல்லாம் வேண்டாம், அளவு கூடினால் பலன் குறையவும் செய்யும். கையேட்டில் சொன்ன நேரம் போதும். பெட்டி அட்டையில் அலைநீளம், அதாவது என்ன வகை ஒளி என்று காட்டும் எண், போட்டிருக்கிறதா? 630 முதல் 660 நானோமீட்டர் வரை சிவப்பு, 830 பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதுவே போடவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

அரைத்தூக்கம்:
சுருக்கம் மறையாது, கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். சரி, காந்தல் எதனால்? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் தோலை ஒளிக்குக் கூச வைக்கும். முகத்தில் மங்கு இருந்தாலும் கவனம், மாஸ்க்கின் சூட்டில் இன்னும் கருக்கலாம்.

வெயில்மணி:
ஐயோ, பருவுக்கு அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்! மாஸ்க்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன், நாளைக்கே டாக்டரைக் கேட்கிறேன்.