டர்ஹாம் கோட்டையில் மாணவர்கள் குடியிருப்பது அதற்குக் காப்பா, கேடா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் கோட்டை 950 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. அருகிலுள்ள பேராலயத்துடன் சேர்த்து 1986ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோட்டையில் இன்று பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருக்கிறார்கள் என்று படித்து வியப்படைந்தேன். போருக்காக எழுப்பிய கோட்டை எவ்வாறு கல்லூரியாக மாறியது? நாள்தோறும் இத்தனை பேர் நடமாடினால் பழைய கல்லும் மரமும் தேய்ந்துபோகாவா? அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

தொடக்கத்திலிருந்தே சொன்னால்தான் இது விளங்கும். 1069ஆம் ஆண்டு சனவரியில், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் அனுப்பிய ராபர்ட் டி கமின் என்னும் பிரபுவையும் அவருடைய படையினரையும் டர்ஹாமில் திரண்ட வட இங்கிலாந்து மக்கள் கொன்று தீர்த்தனர். அதற்குப் பழிவாங்க வந்த நார்மன் படை ஊர் ஊராக எரித்துப் பாழாக்கியது. பின்னர் 1072இல், ஸ்காட்லாந்துப் படையெடுப்பு முடிந்து திரும்பும் வழியில், வில்லியம் இங்கே கோட்டை கட்டுமாறு ஆணையிட்டார். மூன்று பக்கமும் வியர் ஆறு வளைந்தோடும் மேட்டுநிலம் என்பதால், நான்காம் பக்கத்தைக் காத்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு அதில் இருந்தது.

கோட்டை விரைவிலேயே ஆயர்களின் (பிஷப்புகளின்) கைக்கு வந்தது. டர்ஹாம் ஆயர்கள் சமயத் தலைவர்கள் மட்டும் அல்லர். தமக்கென நீதிமன்றம் நடத்தவும், நாணயம் அடிக்கவும், எல்லையைக் காக்கப் படை திரட்டவும் உரிமை பெற்றிருந்தமையால் அவர்களை இளவரச ஆயர்கள் என்றே வரலாறு குறிக்கிறது. ஆகவே கோட்டை அவர்களுக்கு அரண்மனையாகவும் இருந்தது. அவர்களுள் அந்தோனி பெக் பெருங்கூடத்தைக் கட்டினார்; 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ரிச்சர்டு ஃபாக்ஸ் அக்கூடத்தைச் சுருக்கிப் பெரிய சமையலறை அமைத்தார். இன்றும் மாணவர்கள் உண்பது அந்தக் கூடத்தில்தான்.

1832இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் நிறுவப்படுவதற்கு முன்னின்றவர் ஆயர் வில்லியம் வான் மில்டெர்ட். கோட்டையை அதற்கு வழங்கும் எண்ணமும் அவருடையதே. அவர் 1836இல் மறைந்ததும் இளவரச ஆயர்களின் ஆட்சியுரிமைகள் மன்னருக்குச் சென்றன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் யுனிவர்சிட்டி காலேஜ் என்னும் கல்லூரி கோட்டைக்குள் குடியேறியது. ஆட்சியுரிமை போன ஆயர்களுக்கு இத்தனை பெரிய மாளிகை தேவைப்படவில்லை. இடமில்லாத பல்கலைக்கழகத்துக்கோ அது தேவைப்பட்டது.

மறுமொழி 2

பூட்டி வைத்தால் நல்லது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. பழைய கட்டடத்துக்கு முதல் பகை, கூரையில் விழும் சிறு ஓட்டையை ஒருவரும் கவனிக்காமல் விடுவதுதான். ஆள் குடியிருக்கும் இடத்தில் ஒழுகல் அன்றே தெரிந்துவிடும்.

டர்ஹாமுக்கு வந்த பெரிய ஆபத்தும் கால்களால் வந்ததன்று, அடித்தளத்தால் வந்தது. ஆற்றை நோக்கிய செங்குத்தான சரிவின் விளிம்பில் நிற்கும் சுவர்கள் மெல்ல நழுவத் தொடங்கியதால், 1920களின் இறுதியில் நிதி திரட்டும் முயற்சி தொடங்கி, 1930களில் அடித்தளம் வலுப்படுத்தப்பட்டது. உள்ளே கல்லூரி இயங்கிக்கொண்டிருந்ததனாலேயே அத்தனை பொருட்செலவுக்கு ஆதரவு கிடைத்தது என்பது என் கணிப்பு.

1662இல் ஆயர் காசின் அமைத்த கருப்புப் படிக்கட்டையும் எண்ணிப் பாருங்கள். நடுவில் தாங்குதூண் ஏதும் இன்றிச் சுவரிலிருந்து மட்டுமே தொங்குமாறு அமைத்த மரப்படிக்கட்டு அது. பின்னர் உட்பக்கம் தாழ்ந்துவிட்டதால் தூண்கள் கொடுக்க நேர்ந்தது. அது அமைப்பிலேயே இருந்த குறை. மாணவர்கள் வருவதற்கு முன்பே தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மேட்டின் உச்சியில் எண்கோண வடிவில் நிற்கும் மையக் கோபுரத்திலும் மாணவர்கள் தங்குகிறார்களாமே! அந்தச் சுவர்களாவது நார்மன் காலத்தவையா?

மறுமொழி 3

அல்ல. அக்கோபுரம் இடிந்து கிடந்தது. 1840ஆம் ஆண்டளவில் மாணவர் அறைகளுக்காகவே அதைத் திரும்பக் கட்டினார்கள். பழைய வடிவத்தைத் தழுவியிருந்தாலும் நாம் காணும் கட்டடம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினது. கோட்டைக்குள் மிகப் பழையது, ஏறத்தாழ 1078இல் எழுந்த நார்மன் சிற்றாலயம். தடித்த மணற்கல் தூண்களும், அவற்றின் தலைப்பகுதியில் செதுக்கிய விலங்குகளும் கடற்கன்னியும் காண்போரை நெடுநேரம் நிறுத்திவைக்கும்.

ஆனால் மறுமொழி 2இல் நண்பர் கூறியதை முழுமையாக ஒப்புக்கொள்ள எனக்கு இயலவில்லை. ஏனெனில் பயன்பாடு எப்போதும் காப்பாக அமைவதில்லை என்பதற்கு இந்தச் சிற்றாலயமே சான்று. கோபுரம் கட்டியபின் அங்கே செல்வதற்கான நடைவழியாக இதை மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையின் கண்காணிப்பு இடமாகவும் இருந்தது. இன்று மீண்டும் வழிபாட்டுக்குரிய இடமாக அது அமைதியாக நிற்பது பெருமகிழ்ச்சி தருகிறது. பொதுமக்கள் வழிகாட்டியுடன் மட்டுமே கோட்டைக்குள் செல்ல முடியும் என்ற ஏற்பாடும் தேவையானதே. விடுமுறை நாள்களில் மாணவர் அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள்; தாங்கள் அங்கே செல்வதாயின் அக்காலத்தில் சென்று ஓர் இரவு தங்கி, காலை உணவை அந்தப் பெருங்கூடத்திலேயே உண்ணுங்கள்.