பார்ட்டிகிள் போர்டு தளத்தில் டைல்ஸ்: எந்தப் பசை தாங்கும்?

அண்ணாச்சிமாரே, டைல்ஸ் வேலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் கடை ஒன்றின் மெஸனைன் (இடைமாடி) தளம். இரும்புச் சட்டம் 2 அடிக்கு ஒன்று, மேலே 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). 120 சதுர அடிக்கு 2×2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டணும்.

சாதா சிமென்ட் கலவை இதற்கு ஆகவே ஆகாது. போர்டு ஈரத்தை இழுத்து ஓரம் உப்பும், ஆள் நடந்தால் வளையும். வளையாத பசை விட்டுப்போய் முதலில் கிரவுட் (டைல் இடுக்கில் அடைக்கும் பூச்சு) வெடிக்கும். பிரைமராக மர ஃபெவிக்கால் அடிப்பதும் தப்பு, ஈரம் பட்டதும் இளகிவிடும்.

அதனால் சட்டங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தி, 8 மி.மீ. சிமென்ட் போர்டை பசை தடவி, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்குவதாகத் திட்டம். கீழ் ஜாயின்ட்டுக்கு நேராக மேல் ஜாயின்ட் வராது. சுவரோரம் 8 மி.மீ. இடைவெளி. அதன்மேல் சி2 எஸ்1 பசை (சி2 என்றால் பிடிப்பு கூடிய சிமென்ட் பசை, எஸ்1 என்றால் ஓரளவு வளைந்து கொடுப்பது), 10 மி.மீ. பல் கரணையில், 20 கிலோ மூட்டை மூன்று போதும் என்று கணக்கு.

கேட்க வேண்டியது இரண்டு. எஸ்1 போதுமா, அதைவிட அதிகம் வளைந்து கொடுக்கும் எஸ்2 வேண்டுமா? சிமென்ட் போர்டைத் தவிர்த்து, இரண்டு பாக பாலியூரித்தேன் பசையில் நேரடியாக ஒட்டியவர்கள் உண்டா? நம்மூர் வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும். ஒரே தடவையில் எத்தனை டைலுக்குப் பரப்பலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி. எஸ்1 என்று மூட்டையிலேயே அச்சிட்ட பசை திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?